எச்சில் எப்போது வற்றியது

ரெஜினா, ஜெரோம், இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ரெஜினா முதலில் படித்துவிட்டு, தம்பிக்குப் புரியாத இடத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். இருபது வருஷமாகக் கண்டக்டராக பஸ்ஸில் டிரிப் ஷீட் எழுதியதைத் தவிர பெரிதாக எதுவும் எழுதியதில்லை. அங்கங்கே பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நடந்ததை நீங்கள் பெரியவர்கள் பேச்சில் துண்டு துண்டாகக் கேட்டீர்கள். அப்படிக் கேட்டதால் நம் வீட்டில் ஒரு தப்பு நடந்துவிட்டது. அந்தத் தப்பில் என் பங்குதான் ஜாஸ்தி. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் ஜெரோமுக்குக் காதுக்குக் கீழே வீங்கியது. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்போது அதுதான். பொன்னுக்கு வீங்கி. அது ஒரு வைரஸ் போய் எச்சில் சுரக்கும் சுரப்பியில் உட்காருவதால் வருகிற வீக்கம் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தில் தங்கம் போட வேண்டும் என்பதுதான். உங்கள் அம்மா தன் செயினைக் கழற்றி ஜெரோமுக்குப் போட்டாள். ஜெரோம், நீ கல்யாண மாப்பிள்ளை மாதிரி அதை வெளியே எடுத்து விட்டுக்கொண்டு நடந்தாய். பத்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது.

செயின் அம்மா கழுத்துக்குத் திரும்பி இரண்டு வாரம் இருக்கும். எனக்கு வலது பக்கம் வீங்கியது. அம்மா மறுபடியும் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். எனக்கு ஒரு சந்தேகம். நான் மூன்றாவது படிக்கும்போது இது எனக்கு வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் செயின் கிடையாது என்பதால் ஒரு தோட்டை நூலில் கோத்துக் கட்டினார்கள், நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு தடவைதான் வரும் என்பார்களே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அப்ப ஒரு பக்கம் வந்திருக்கும். மீதிப் பக்கம் பாக்கி இருந்துச்சு, இப்ப வருது" என்றாள்.

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நானும் விட்டுவிட்டேன். ஐப்பசியில் இரண்டு பக்கமும் வீங்கியது. மறுபடியும் செயின். சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். குனிந்து சில்லறை கொடுத்தபோது அது வெளியே வந்து ஆடியதில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கண்டக்டருக்கு மாமியார் வீட்டிலிருந்து சீர் வந்திருக்கிறது என்று கச்சிராயபாளையம் வரை சிரிப்பு.

இதற்கு நடுவில் வேறு சில தொந்தரவுகளும் இருந்தன. நான் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. கண்ணில் மண் விழுந்த மாதிரி எப்போதும் உறுத்தும். பஸ்ஸில் நிற்பவனுக்குக் கண்ணில் தூசி விழாமல் இருக்குமா என்று நினைத்தேன். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை. விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் கைவசம் வைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை, முதல் டிரிப் கிளம்பும் நேரம், படியில் ஏறக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. வலி ஒன்றும் இல்லை. நான் சொல்கிறேன், அது கேட்கவில்லை, அவ்வளவுதான். கம்பியைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் கையும் வழுக்கியது. டிரைவர் மாயவன் அண்ணன் இறங்கி வந்து அரிசி மூட்டையைத் தூக்குவது போல என்னைத் தூக்கி முன் சீட்டில் கிடத்தினார். அப்படியே பயணிகளோடு வண்டியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு விட்டார். எல்லாரும் பக்கவாதம் என்றார்கள். வாய் கோணியிருக்கிறதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் என் முகத்தில் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பயணத்தில் நான் நினைத்தது உங்கள் இரண்டு பேரைத்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

அது பக்கவாதம் இல்லை. ரத்தத்தைப் பரிசோதித்ததில் பொட்டாசியம் மிகவும் கம்மியாக இருந்தது. பொட்டாசியம் என்பது ஒரு உப்பு. அது போதிய அளவு இருந்தால்தான் தசை வேலை செய்யும். இதயமும் தசைதான் என்பதால் அதற்கும் ஆபத்து. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே, கை நரம்பு வழியாக அந்த உப்பை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஏறும்போது நரம்பு முழுக்க மிளகாய் அரைத்துப் பூசிய எரிச்சல். மறுநாள் மாலை கால் கட்டை விரல் அசைந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தாள். அவள் விடுவதாக இல்லை. விரல் கூசுகிறது, விடு என்று நான் சொன்னதும்தான் சிரித்தாள்.

மூன்று நாளில் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் அங்கே ஒரு இளம் டாக்டருக்குக் கேள்வி தீரவில்லை. எனக்கு வாந்தியும் இல்லை, பேதியும் இல்லை. அப்படியானால் உப்பு எந்த வழியாகப் போனது? சிறுநீரைப் பரிசோதித்துப் பார்த்தார். சிறுநீரகம் பிடித்து வைக்க வேண்டிய உப்பை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பிறகு என் நாக்கைப் பார்த்தார். அது மேலண்ணத்தில் ஒட்டி, பிரியும்போது சத்தம் வந்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் புதுச்சேரியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

நான் சொன்ன தப்பு இந்த மூன்று நாளில்தான் நடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எப்படி வந்தது என்று கேட்டார்கள். கோயிலிலிருந்து வந்தவர்களுக்கும், மணலூர்பேட்டையிலிருந்து வந்த மாமாக்களுக்கும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அம்மா ஒரே கதையைத்தான் சொன்னாள். "பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சுங்க. அவங்கிட்டேந்து இவருக்கு ஒட்டிக்கினுச்சு. அதுலேந்து புடிச்ச சனியன்தான்." அவள் யாரையும் குறை சொல்லவில்லை. வந்தவர்களுக்கு ஒரு பதில் வேண்டும், கைவசம் இருந்த பதில் அது. நானும் படுத்தபடி தலையை ஆட்டினேன். இரண்டு பேருக்கு நானே சொன்னேன், அந்தச் செயின் ஆடிய கதையையும் சேர்த்து. ஜெரோம், நீ அப்போது கட்டிலின் கால்மாட்டில் ஹார்லிக்ஸ் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

புதுச்சேரிக்கு அம்மா என்னோடு வந்தாள். உங்களைப் பார்த்துக்கொள்ளச் சித்தி நம் வீட்டுக்கு வந்தார். நாங்கள் போன இரண்டாம் நாள் ரெஜினா போன் செய்தாள்.

"அப்பா, தம்பி தனித் தட்டுல சாப்புடுறான். தனி டம்ளர் வச்சிக்கினு அவனே கழுவுறான். பாயைக் கதவுகிட்ட போட்டுக்கினு படுக்குறான். கேட்டா, என் எச்சி பட்டா உனக்கும் சித்திக்கும் காலு வராம பூடும்ங்கறான்."

அவளிடமிருந்து போனை வாங்கி, ஜெரோம், நீ கேட்டது ஒரே கேள்வி. "நான் குடுத்ததாலதானாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த அப்பாவும் சொல்லியிருப்பான். ஆனால் எனக்கே அது தெரியாது. அதோடு, நான் தெரியாமல் சொல்கிறேனா, தெரிந்து சொல்கிறேனா என்று கண்டுபிடித்துவிடுகிற ஆள் நீ. டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் புதுச்சேரியில் நான் இருந்த நாளெல்லாம் எனக்கு என் நோய் இரண்டாம் பட்சமாகிவிட்டது. உன் கேள்விக்குப் பதில் வாங்காமல் வீட்டுக்கு வரக் கூடாது என்று இருந்தேன்.

பரிசோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ரெஜினாவுக்குப் பிடிக்கும். முதலில் கண். விரல் அகலம்கூட இல்லாத ஒரு தாள் கீற்றை மடித்துக் கீழ் இமையில் மாட்டித் தொங்கவிட்டார்கள். ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். நல்ல கண்ணாக இருந்தால் கண்ணீர் தாளில் ஊறிப் பாதிக்கு மேல் கீழே இறங்கும். என் தாளில் மடிப்புக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முன் சீட்டில் கிடந்த அன்றைக்கும், அம்மா விரலைப் பிடித்த அன்றைக்கும் எனக்கு ஏன் கண்ணீரே வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் அழுத்தக்காரன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அடுத்தது உதடு. கீழ் உதட்டின் உட்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, நான்கைந்து எச்சில் சுரப்பிகளை எடுத்தார்கள். உதட்டுக்குள் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம், ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவு. குப்பியில் மிதந்ததைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு தையல். ஒரு வாரத்துக்கு விசில் ஊதக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். இங்கே யாருக்கு ஊதப் போகிறேன் என்றேன். வார்டில் எல்லாரும் நான் கேட்கிற கேள்விகளைப் பார்த்து, அடுத்த ஸ்டாப் எது கண்டக்டரே என்று கிண்டல் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தால் என் வரிசையில் எல்லாம் பெண்கள். கை மடங்காதவர்கள், முகத்தில் சிவப்புத் தடிப்பு உள்ளவர்கள், முடி கொட்டியவர்கள். ஒருவர் நோய்போல இன்னொருவர் நோய் இல்லை. ஆனால் எல்லாருக்கும் அடியில் இருக்கிற கோளாறு ஒரே வகை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முடிவுகள் வந்ததும் வாத நோய்ப் பிரிவின் டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். நோயின் பெயர் ஷோக்ரன். அதைப் பற்றி எழுதிய வெளிநாட்டு டாக்டரின் பெயராம். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியை விரட்டுவதற்காக இருப்பவை. இந்த நோயில் அவை நம் சொந்தச் சுரப்பிகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. அதனால் கண்ணீர் வற்றும், எச்சில் வற்றும், சுரப்பி வீங்கும். சிலருக்குச் சிறுநீரகத்துக்கும் போகும். எனக்குப் போனது. அதனால்தான் உப்பு ஒழுகியது, கால் வராமல் போனது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வரும் என்றும் சொன்னார்.

அம்மாவுக்கு அந்த ஒன்று மட்டும் நன்றாகப் பதிந்தது. "பொம்பளைங்க நோவு வாங்கிக்கினீங்க இல்ல, இனிமே சோறும் நீங்களே ஆக்கிடுங்க" என்றாள். டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எப்போது ஆரம்பித்தது என்று அவர் கேட்டார். நான் வழக்கமான கதையைத் தொடங்கினேன். ஆடி மாசம்ங்க, பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு என்று. அவர் எழுதிக்கொண்டே வந்தவர், டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னார். வெகு நேரம் பார்த்தார்.

"இது ஆடி மாசத்துப் பல்லு இல்லீங்களே" என்றார். "ஈறு ஓரமா இத்தனை சொத்தை நாலு மாசத்துல வராது. எச்சில்தான் பல்லக் காப்பாத்துறது. அது கம்மியாகி ரொம்ப நாள் ஆயிருக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று பகல் முழுக்க யோசித்தேன். பல் கூசியதும் கண் உறுத்தியதும் எப்போதிலிருந்து என்று எவனுக்கு ஞாபகம் இருக்கும்? தேதி போட்டா வருகிறது? மூன்று மணிக்கு டீ கொண்டு வந்த ஆள் பாக்கி கொடுக்க, நாக்கில் விரலைத் தொட்டு நோட்டைப் பிரித்தார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வண்டி தனியார் வண்டி. மிஷின் கிடையாது, தாள் டிக்கெட்தான். விரலை நாக்கில் தொட்டுத்தான் கிழிக்க வேண்டும். கொரோனா சமயத்தில் ஊரே திட்டியபோதும் அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. ஆனால் இப்போது நான் நாக்கைத் தொடுவதில்லை. ஒரு மூடியில் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை நனைத்துப் பையில் வைத்திருக்கிறேன், அதில்தான் தொடுகிறேன். எப்போதிலிருந்து? உடனே மாயவன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா அருளு, காலு ஆடுதா?" என்றார்.

ஸ்பாஞ்சு எப்போது வந்தது என்று கேட்டேன்.

"நான்தானேடா குடுத்தேன். நாக்கத் தொட்டா வெரல்ல ஒண்ணும் ஒட்டல ஒனக்கு. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு தண்ணி பாட்டில்ல வெரல வுட்டுக்கினு நின்ன. பாக்கச் சகிக்கல. எஃப்.சி.க்கு வண்டிய வுட்டப்ப சீட்டப் பிரிச்சாங்கல்ல, அதுலேந்து ஒரு துண்டு அறுத்துக் குடுத்தேன்."

எஃப்.சி. என்பது பஸ் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குகிற சான்று. அதற்கு முன்னால் பெயிண்ட் அடித்து, சீட் தைத்து வண்டியைச் சரி செய்வோம். அந்தச் சான்றில் தேதி இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். வண்டியில் ஏறித் தேடிவிட்டு வந்து மாசி மாதம் என்றார். "ஏன்டா, ஆஸ்பத்திரியில படுத்துக்கினு எஃப்.சி. தேதி கேக்குற மொத கண்டக்டர் நீதான்டா" என்றார்.

மாசி. ஜெரோமுக்கு வீங்கியது ஆடி. நடுவில் ஐந்து மாதம். ஸ்பாஞ்சு வருவதற்கு முன்பே வற்ற ஆரம்பித்திருக்க வேண்டும் என்றால் இன்னும் முன்னால். பின்னால் வந்தது எப்படி முன்னால் வந்ததற்குக் காரணமாகும்? படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். "எத்தினி பேருகிட்ட சொன்னேன் நானு" என்றாள் அவள்.

மறுநாள் டாக்டர் அம்மாவிடம் எஃப்.சி. கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேஸ் ஷீட்டில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். முதல் தடவை எனக்கு வந்த வீக்கமே பொன்னுக்கு வீங்கியாக இருக்காது, இந்த நோயின் வீக்கமாகத்தான் இருக்கும் என்றார். அப்போது நான் ஊருக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. அப்படியானால் வேறு எது காரணம் என்று கேட்டேன்.

"தெரியாதுங்க" என்றார்.

ஒரு டாக்டர் அப்படி நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு தெரிந்தவரை சொன்னார். இதற்கு ஒரு காரணம் மட்டும் இருக்காதாம். பிறவியிலேயே உடம்பில் ஒரு சாய்வு இருக்கலாம். அதன் மேல் ஏதோ ஒன்று வந்து தட்டிவிட வேண்டும். அப்படித் தட்டிவிடுவது சில வைரஸ்களாக இருக்கலாம் என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்கிறார்கள். அதில் அதிகம் சந்தேகப்படுகிற ஒன்றுக்கு ஈ.பி.வி. என்று பெயர். அது எச்சில் வழியாகப் பரவுவது. நம் ஊரில் அநேகமாக எல்லாருக்கும் சின்ன வயதிலேயே வந்துவிடும், சாதாரண ஜுரம் மாதிரி, பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் வந்தது போகாது. வெள்ளை அணுக்களுக்குள்ளே ஆயுளுக்கும் தூங்கிக்கொண்டிருக்கும். சிலருக்கு என்றைக்கோ முழித்துக்கொள்ளும். அந்த முழிப்பில்தான் அணுக்களுக்கு ஆள் அடையாளம் குழம்புகிறதோ என்று சந்தேகம். காத்திருக்கும் கூடத்தில் நான் பார்த்த மற்ற நோய்களில் சிலவற்றுக்கும் இப்படி வைரஸ்கள் மேல் சந்தேகம் உண்டாம்.

சுரப்பியில் அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்றேன்.

"பாத்திருக்காங்க. நோய் இருக்கறவங்ககிட்டயும் இருக்கு, இல்லாதவங்ககிட்டயும் இருக்கு. பர்ஸ் காணாமப் போன பஸ்ல இருந்தான்ங்கறதுக்காக ஒருத்தனைத் திருடன்னு சொல்லிடுவீங்களா?"

சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பேச்சு எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. ஒரு தடவை உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் பர்ஸ் அடித்தான். கூட்டம் அவனைப் பிடித்து அடித்தது. அவன் தப்பித்து ஓடிய பிறகும் கூட்டத்துக்குக் கோபம் அடங்கவில்லை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு நீலச் சட்டைக்காரரை அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் எங்கள் ஊர் வாத்தியார். என் உடம்பில் நடப்பது இதுவா என்று கேட்டேன். "ரொம்பச் சரின்னு சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது. நானே இனிமே இதச் சொல்லிக்கறேன்" என்றார்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்று சாயங்காலம் ஜெரோமைக் கூட்டிக்கொண்டு நிறுத்தியிருந்த எங்கள் வண்டிக்குப் போனேன். மாயவன் அண்ணனிடம் சொல்லி எஃப்.சி. தாளை வாங்கி உன் கையில் கொடுத்தேன். நீ தேதியைப் படித்தாய். விரல் விட்டு மாதத்தை எண்ணினாய். நான் நினைத்தேன், முடிந்தது என்று. நீ தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "அப்ப யாரு குடுத்தது?" என்றாய்.

ஈ.பி.வி. கதையைச் சொன்னேன். எச்சில் வழியாக வரும் என்ற இடத்தில் உன் முகம் மறுபடியும் பழையபடி ஆனது.

"அப்ப அத நான் குடுத்திருக்கலாம்ல?"

இதற்கு நான் தயாராக இல்லை, ஜெரோம். புதுச்சேரியில் இவ்வளவு கேள்வி கேட்டவன் இந்தக் கேள்வியைக் கேட்டு வரவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். உனக்கு அது ஞாபகம் இருக்கும், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

"அது எனக்குச் சின்னப் புள்ளையிலயே வந்திருக்கும்டா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே. உனக்கும் இந்நேரம் வந்திருக்கும். பெரும்பாலும் பெரியவங்ககிட்டேந்துதான் புள்ளைங்களுக்கு வரும். நீ கைக்குழந்தையா இருந்தப்ப முறுக்கக் கடிச்சு மென்னு உன் வாயில வச்சவன் நான். நான்தான் உனக்குக் குடுத்திருப்பேன். அதுக்கு உங்கிட்ட மன்னிப்பு கேக்கட்டுமா?"

நீ யோசித்தாய். உண்மையிலேயே யோசித்தாய், எனக்குப் பயமாகக்கூட இருந்தது. பிறகு "வேணாம்ப்பா. முறுக்குதானே குடுத்த" என்றாய்.

"அப்ப நீயும் இனிமே யாருகிட்டயும் மன்னிப்பு கேக்க வேணாம்" என்றேன்.

அன்று ராத்திரியும் நீ தனித் தட்டில்தான் சாப்பிட்டாய். அம்மா அந்த வாரம் முழுக்க, யார் யாரிடம் பழைய கதையைச் சொன்னாளோ அவர்களுக்கெல்லாம் போன் போட்டு, உன் காது கேட்க, பையனால் இல்லையாம், மாசியிலேயே இருந்ததாம் என்று திருத்திக்கொண்டிருந்தாள். மணலூர்பேட்டை மாமாவுக்கு எஃப்.சி. புரியவில்லை. அவருக்கு மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

இந்த நோய் முழுதாகப் போகாது என்று உங்களுக்கும் தெரியும். கண்ணுக்குச் சொட்டு மருந்து, பொட்டாசியத்துக்குக் கசப்பான சிரப், வெள்ளை அணுக்களின் கோபத்தைக் குறைக்க மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் போய்விடும் என்பதால் இனிப்பையே தொடக் கூடாது என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் செய்துகொண்டு நான் வேலைக்குப் போய்வருகிறேன். கால் நான் சொன்னால் கேட்கிறது.

கடைசியாக ஒன்று. இது உங்களுக்குத் தெரியாது. தை மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து நாம் நான்கு பேரும் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறிப் போனோம், அருவியில் குளிக்க. அங்கே வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒருவர் மொபெட்டில் பெட்டி வைத்து ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார். ஜெரோம், நீ சேமியா ஐஸ் வாங்கிப் பாதி சப்பியிருப்பாய். ரெஜினா கீழேயிருந்து தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, வாடா என்று கூப்பிட்டாள். நீ என் கையில் ஐஸைத் திணித்து, "நீ தின்னுப்பா, கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடினாய். அம்மாவும் துண்டை எடுத்துக்கொண்டு உன் பின்னால் இறங்கிப் போனாள்.

நான் மட்டும் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். ஐஸ் ஒரு பக்கம் சப்பிச் சப்பி வழவழவென்று இருந்தது, உன் பல் பட்ட இடம் தெரிந்தது. கரைந்து முழங்கை வரை வழிந்தது. அதை வாயில் வைத்தேன். வறண்ட வாய்க்கு முதலில் குளிர்ச்சி மட்டும்தான் தெரிந்தது, இனிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவசரப்படாமல் முழுதும் தின்றேன். குச்சியில் ஒட்டியிருந்த கடைசிச் சேமியாவையும் பல்லால் இழுத்துத் தின்றேன். பிறகு பாட்டில் தண்ணீரால் மூன்று தடவை வாய் கொப்பளித்துத் துப்பினேன்.